விலக்காத வைக்கோல்

செல்லக்கிளி ஒரு கை வைக்கோலைத் தூக்கிப் பார்த்தாள். கத்தரி விதை முளைத்திருந்தது. கொக்கி போல வளைந்த சின்னத் தண்டுகள், சில இன்னும் தலையில் விதைத்தோலைச் சுமந்தபடி, பாத்தி முழுக்க ஒரே சீராக வந்திருந்தன. பக்கத்துத் தோட்டத்துக் கருப்பம்மாள் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும்போது தன் பாத்தியை இவளிடம் ஒப்படைத்துச் சொல்லிவிட்டுப் போனது இது ஒன்றைத்தான். முளை கண்ட அன்றே வைக்கோலை எடுத்துவிட வேண்டும்.

தூக்கிய வைக்கோலைச் செல்லக்கிளி திரும்ப அதே இடத்தில் போட்டாள்.

செல்லக்கிளியின் சொந்தப் பாத்தியும் கத்தரிதான், பத்து நாள் முன்னால் தூவியது. சாயங்காலத் தண்ணீர் வேண்டாம், பனியில் ஈரம் நின்று அழுகிப்போகும் என்று கருப்பம்மாள் இரண்டு தடவை சொன்னாள். செல்லக்கிளி கேட்கவில்லை. நாற்று அடித்தண்டு நைந்து கொத்துக்கொத்தாகச் சாய்ந்தது. அதைப் பார்த்த கருப்பம்மாள் குத்திக்காட்டவில்லை. தன் பாத்தியில் மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அந்தப் பெருந்தன்மைதான் செல்லக்கிளியை உறுத்தியது.

நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் களை வெட்டப் போய்விட்டாள், அல்லது போனதாகச் சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் உச்சிவெயிலில் பதறிப்போய் வைக்கோலை வாரி எடுத்தபோது, விரல் நீளத்துக்கு வெளுத்து வளர்ந்திருந்த நாற்றுகள் வெளிச்சத்தில் நிற்கத் தெரியாமல் ஆடின. பொழுது சாய்வதற்குள் ஒட்டுமொத்தமாகப் படுத்துவிட்டன.

இரண்டு நாள் கழித்துக் கருப்பம்மாள் நொண்டிக்கொண்டு வந்தாள். பாத்தி ஓரத்தில் குந்தி, படுத்துக் கிடந்த நாற்றை விரலால் தூக்கிப் பார்த்தாள். செல்லக்கிளி கேள்விக்காகக் காத்திருந்தாள். பொய்யும் தயாராக இருந்தது, வெயில் ஜாஸ்தி என்று.

கருப்பம்மாள் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"சத்திரப்பட்டிகிட்ட பஸ் ஏறிட்டேன்டி கிளி. கால் பூரா கொப்புளம். யாருக்குத் தெரியப்போகுதுன்னு ஏறிட்டேன். தெரிய வேண்டியவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"நாத்துக்கும் அதுக்கும் என்ன மதினி?"

"நாத்தோட போனா பரவால்ல. எம் மகளுக்கு இது ஏழாம் மாசம். முன்னாடி ரெண்டு தங்கல. அவளுக்குத்தானடி நடந்தே வர்றேன்னு நேந்துக்கிட்டேன்."

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். செல்லக்கிளி வாயைத் திறக்கவும் செய்தாள். வந்தது, காலுக்கு மஞ்சள் அரைத்துத் தரட்டுமா என்ற கேள்விதான்.

மாசி மாசத்துக் கார்த்திகை நட்சத்திர நாளுக்கு முதலிலிருந்து மறுபடி நடக்கப்போவதாகக் கருப்பம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். கொப்புளம் உடைந்த இடத்தில் தோல் இன்னும் இளஞ்சிவப்பாகவே இருந்தது. வீட்டுக்காரர் திட்டினார், பிள்ளைத்தாய்ச்சி மகள் மாலதியே வேண்டாமென்று அழுதாள். கேட்கவில்லை. கிளம்புகிற காலையில் செல்லக்கிளி துணிப்பையோடு வாசலில் நின்றாள்.

"நீ என்னத்துக்குடி? பஸ் ஏறுனவ நானு."

"ஒத்தையில எப்படிப் போவீக."

சொல்லிவிடத்தான் கிளம்பினாள். ரெட்டியார்சத்திரம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று கணக்கு. ஊர் வந்தது, டீக்கடையில் பன்னும் டீயும் ஆனது, ஊர் பின்னால் போய்விட்டது. இப்போது சொன்னால் இவள் திரும்பி வீட்டுக்குப் போகலாம், இந்தப் புண்காலோடு நடக்கத் தேவையில்லை. அது தெரிந்தும் வாய் வரவில்லை. சொன்னபிறகு அந்த முகத்தை எப்படி ஏறிட்டுப் பார்ப்பது என்று இருந்தது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளிக் கூடை ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பிக் கடந்தன. கருப்பம்மாள் எல்லா லாரிக்கும் ஒதுங்கினாள், செல்லக்கிளியையும் தோளைப் பிடித்து ஒதுக்கினாள்.

பதினோரு மணிக்கு மேல் தார் சுட ஆரம்பித்தது. சாலையோரப் புளியமரங்களின் நிழல் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குச் சுருங்கியிருந்தது.

"மதினி," என்றாள் செல்லக்கிளி.

கருப்பம்மாள் திரும்பிப் பார்த்தாள். செல்லக்கிளியின் முகத்தில் வழிந்த வேர்வை வெயிலால்தான் என்று எடுத்துக்கொண்டாள் போல. கையைப் பிடித்து இழுத்து நிழலுக்குள் விட்டுவிட்டு, தான் வெளியே தார் விளிம்பில், குதிகால் படாமல் விரல்களை ஊன்றி ஊன்றி நடந்தாள்.