நரம்பை யார் கூப்பிடுவது?

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் ஷரபுதீன் கடையில், தே தாரேக் டீ ஆறிப்போகும்வரை சீனி சொன்னது. அவன் சொல்லாமல் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஈப்போவின் மேல் கருமேகங்கள் சூழ்ந்திருந்த ஒரு… வேண்டாம். அன்று நல்ல வெயில்.

2

சீனியின் மனைவி நல்லம்மாளுக்குக் காய்ச்சலில் காது போய்ப் பல வருடம். அன்று ஆஸ்பத்திரியில் காதுக்குள் கருவி வைத்தார்கள். வைத்த கையோடு, அவள் மயக்கத்தில் இருக்கும்போதே, கேட்கும் நரம்பு பதில் தருகிறதா என்று பார்ப்பார்களாம். பதில் வராவிட்டால்? சீனிக்கு அதே நினைப்பு.*

ரப்பர் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடுவார். பதில் கொடுக்காதவருக்கு அன்று வேலையில்லை. இதுவும் அப்படித்தான் என்று சீனி நினைத்துக்கொண்டான். கணினியோடு அறுவை அறைக்குப் போன பிரமிளாவை நர்ஸ் என்று நினைத்து மறித்தான்.

"மிஸ்ஸி, ஐ.சி. கார்டுல இருக்கிற பேர நம்பாதீங்க. நல்லம்மான்னா அவ திரும்பக்கூட மாட்டா. பாப்பான்னு கூப்புடுங்க. கொஞ்சம் சத்தமா லா."

"நான் மிஸ்ஸி இல்ல அங்கிள், காது டெஸ்ட் பண்றவ. யாரும் கூப்பிட மாட்டோம். கருவி வழியா சன்னமா கரண்டு குடுப்போம். நரம்பு பதில் குடுத்தா ஸ்க்ரீன்ல சின்னதா ஒரு அலை எழும்பும்."

"கரண்டா? அவளுக்கா? ஒரு பல்பு மாத்தக்கூட என்னைய விட மாட்டா!"

"அவங்களுக்குத் தெரியாது. தூங்குறாங்க."

"தூக்கத்துல எழுப்புனா வையுவா. எதுக்கும் சொல்லி வச்சேன்."

(பிரமிளா இவ்வளவு பொறுமையாகப் பேசியிருப்பாரா? எனக்குச் சந்தேகம். சீனி சத்தியம் செய்கிறான்.)

* பதில் வராவிட்டாலும் நம்பிக்கை போய்விடாது என்று பிரமிளா பிறகு சொன்னாராம். அதை மேலேயே எழுதியிருந்தால் சீனியின் பயம் உங்களைத் தொற்றியிருக்காது.

3

ஒரு முடிவு: கதவு திறந்தது. பிரமிளா தலையைக் குனிந்தபடி… இதை எழுதக் கை கூசியது, அடித்துவிட்டேன்.

நடந்தது: முதலில் நரம்பு அசையவில்லை. கரண்டைக் கொஞ்சம் கூட்டினார்கள். அலை எழும்பியது. நரம்பில் பக்கத்து இடத்திலும் பார்த்தார்கள், அங்கேயும் எழும்பியது.

"பதில் வந்துருச்சு அங்கிள்."

"நான் சொன்ன பேர சொல்லித்தானே கூப்ட்டீங்க?"

"மனசுக்குள்ள."

4

நல்லம்மாள் தலைக்கட்டோடு கண் விழித்ததும் கத்தினாள்: "ஏங்க, சாப்ட்டீங்களா?"

"நரம்பு பதில் சொல்லிருச்சு பாப்பா!" என்று சீனி அவள் முகத்துக்கு நேரே கத்தினான். வார்டு முழுக்கக் கேட்டது, அவளைத் தவிர. கருவியை முடுக்க இன்னும் சில வாரம் ஆகும். எதிர்க்கட்டிலில் இருந்த மலாய்க்கார அம்மா, மக்சிக், கைதட்டினார். சீனிக்குக் கண் நிறைந்துவிட்டது.

நல்லம்மாள் எல்லாரையும் பார்த்தாள். "சாப்ட்டதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

5

முடுக்கும் நாளில் சீனி முதலில் என்ன சொல்வான்? தினமும் ஒன்று யோசிக்கிறான். மறுநாள் அது அவனுக்கே பிடிப்பதில்லை. நான் எழுதிக் கொடுத்ததையும் வேண்டாமென்றான். இத்தனை வருடம் கேட்காதவளிடம் நீங்களாக இருந்தால் எதைச் சொல்வீர்கள்? கீழே இடம் விட்டிருக்கிறேன். சின்னதாக இருக்கட்டும், அவளுக்கும் பேச நிறைய இருக்கிறது.

"………………"