வாசமில்லாத சாப்பாடு

போடியில் அபுபக்கர் ராவுத்தரின் ஏலக்காய்க் கிட்டங்கிக்கு மேலே இருந்த அறையில் நானும் சோலையும் தங்கிப் படித்தோம். வாடகை கிடையாது. இரவில் ஆள் இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் போதும் என்பார் ராவுத்தர். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கட்டடத்தில் சமையல் கூடாது. ஸ்டவ் கூடாது, வெங்காயம் கூடாது, கருவாடு என்ற பேச்சே கூடாது. பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் ஏலக்காய் இழுத்துக்கொள்ளும். விற்கப் போன இடத்தில் ஒருவர் காயை உரித்து முகர்ந்து முகம் சுளித்தால் மூட்டைகள் திரும்பி வரவேண்டியதுதான். கிட்டங்கிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருந்த அவருடைய சொந்த வீட்டுக்கும் இதே சட்டம்தான்.

ஆகவே நாங்கள் வாசமில்லாமல் சாப்பிடப் பழகினோம். காலையில் நனைத்த அவலும் வெல்லமும். மத்தியானம் கடை டீயில் தோய்த்த பன். இரவில் பொட்டுக்கடலையும் வாழைப்பழமும். அவலை ஊறவைப்பதில் சோலைக்குத் தனிக் கொள்கை இருந்தது.

"ரொம்ப ஊறுனா வெரசா செரிச்சிரும் மாப்ளே. பாதி ஊறலோட முழுங்கணும். மீதி உள்ள போய் ஊறட்டும்."

நான் ராசிங்காபுரத்துக்காரன். அறை போனால் பஸ்சில் வந்து போயாவது படித்துவிடுவேன். சோலைக்கு அது முடியாது. பொட்டிபுரத்து பஸ் போடிக்கு வரும்போது கல்லூரியில் பாதிப் பாடம் முடிந்திருக்கும். வெளியே அறை எடுக்க அவன் வீட்டில் வழியில்லை. அந்த அறைதான் அவன் படிப்பு. இதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பேசாமலே இருவருக்கும் தெரிந்த விஷயங்கள் அந்த அறையில் நிறைய இருந்தன.

எழுபத்தெட்டில், ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சோலையின் அப்பா ராக்கையா வந்தார். ஒரு கையில் துண்டு மூட்டை, மறு கையில் தூக்குவாளி. மகன் ஊருக்கு வந்து ரொம்ப நாளாகியிருந்தது. ராவுத்தர் அவரை வாசலிலேயே மறித்தார்.

"தூக்குல என்னண்ணே?"

"கருவாட்டுக் கொழம்பு. நான் சோலையோட அப்பன். வீட்டுக்காரி வச்சா. புள்ளைக்குப் பிடிக்கும்."

ராவுத்தர் ஓரெட்டுப் பின்னால் போனார். "கோவிச்சுக்கிறாதீங்கண்ணே. உள்ள சரக்கு கெடக்கு. இது வரக்கூடாது."

"வாசல்ல வச்சுத் தின்னுட்டுப் போறோம்."

"வாசலும் வேணாம்ணே. காத்து உள்ளதான அடிக்குது."

ராக்கையா அண்ணாந்து பார்த்தார். நாங்கள் மாடிப்படியில் நின்றிருந்தோம். அவர் பார்த்தது சோலையை. அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான்.

"சரி மொதலாளி" என்று சொல்லிவிட்டு அவர் தெருவில் இறங்கினார்.

நாங்கள் பின்னாலேயே ஓடினோம். நடந்துகொண்டே நான் காரணத்தைச் சொன்னேன். அவர் நிற்கவில்லை.

"ஏலக்காய்க்கு மூக்கு இருக்காக்கும்? எங்க கொழம்பு மட்டுந்தேன் அதுக்கு நாறுதோ?" பிறகு, மகனைப் பார்க்காமலே, "ஒனக்கும் நாறுதாடா?" என்றார்.

"ஸ்டேசனுக்குப் போவோம் அய்யா. அங்க ஒக்காந்து சாப்பிடலாம்" என்றான் சோலை.

மதுரை வண்டி போய்விட்டால் போடி ஸ்டேஷனில் ஆள் இருக்காது. வேப்ப மரத்தடி பெஞ்சில் ராக்கையா மூட்டையை அவிழ்த்தார். கம்பஞ்சோறு. வாளியைத் திறந்ததும் அந்த வாசம் எழுந்தது. எங்களுக்கு வாயூறியது என்று சொல்ல வேண்டும். உண்மையில் முதலில் பயந்தோம்.

"பிடிக்கலைன்னா சொல்லிரு. நாய்க்கு வச்சுட்டுப் போறேன்."

சோலை ஒரு வாய் வைத்தான். அடுத்த நொடி இருமல். கண்ணில் நீர் கொட்டியது.

"பாத்தியா, ஒறைக்குது. ஒன் நாக்கே மாறிப்போச்சு."

"இல்லய்யா."

"தண்ணியக் குடி."

"வேணாம்."

அவன் தண்ணீரைத் தொடாமல் சாப்பிட்டான். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு சாப்பிட்டான். அவன் யாருக்கோ பதில் சொல்வதைப் போல இருந்தது எனக்கு. நானும் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். மலையில் மேகம் இறங்கி மேலேறும் சாலை மறைந்திருந்தது.

வாளியின் அடியிலிருந்த கருவாட்டை எடுத்து மகன் கையில் வைக்கக் குனிந்த ராக்கையா அப்படியே நின்றார். அவன் தலைக்கருகே மூக்கைக் கொண்டுபோனார்.

"என்னடா, ஒந் தலையில பாயாச வாசம் வருது?"

"அது எப்பவும் அப்படித்தேன்."

"கிட்டங்கியில சோலி பாக்குறியா?"

"இல்லய்யா. மேல படுக்குறதோட சரி. பலகைச் சந்து வழியா ஏறி வருது."

நான் என் சட்டையைக் காட்டினேன். அவர் அதையும் முகர்ந்தார். பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சும்மா படுத்துக் கெடந்ததுக்கே இம்புட்டு ஏறியிருக்கு" என்றார், தனக்குத்தானே.

குழாயடியில் சோலை கையைச் சும்மா நனைத்துவிட்டு நகர்ந்தான். அப்பா எதிரில் தேய்த்துக் கழுவ அவனுக்கு மனம் வரவில்லை. ராக்கையா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நில்லு."

கீழேயிருந்து மண்ணை அள்ளி அவன் உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தார். விரலிடுக்கு, நகக்கண், புறங்கை. கழுவிவிட்டு முகர்ந்தார்.

"இருக்கு. கொண்டா."

வேப்பிலையைக் கசக்கி மறுபடியும் தேய்த்தார். அவர் தேய்த்த வேகத்துக்கு வலித்திருக்கும். சோலை கையை இழுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீயும் கொண்டா."

பஸ்சுக்குப் புறப்படும்போது வாளியைக் கையில் மாட்டிக்கொண்டார்.

"அடுத்து வரயில எள்ளுருண்டை கொண்டாரவா? அதுக்கும் வாசமிருக்கா?"

சோலை யோசித்தான். "கொஞ்சம் இருக்கும்யா."

"அப்போ கொழம்பே கொண்டாறேன். நேரா இங்கன வந்திரு அப்பு."

நாங்கள் திரும்பியபோது ராவுத்தர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சோலை இரண்டு கைகளையும் நீட்டினான். அவர் முகர்ந்து பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார்:

"நெத்திலியா?"