பேசாதவளுக்கு ஒரு விலை

வாலிநோக்கம் உப்பளத்தில் பதினெட்டு வருடமாக உப்பு வாரும் சோணையம்மாளுக்கு, அந்த வெள்ளை வெளிச்சத்தில் கண் கெட்டுவிட்டது. டாக்டர் கண்கூச்சம் தடுக்கும் கண்ணாடிக்குச் சீட்டு எழுதினார். ராமநாதபுரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்த தர்மராஜ் ஆயிரத்து எண்ணூறு என்றார். டாக்டர் எழுதியதற்குப் பேரம் பேசலாமா என்று தயங்கி, நாலு நாள் கூலியை அப்படியே கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து, கூட வேலை பார்க்கும் மலிகா அதே கடையில் அதே கண்ணாடியைத் தொள்ளாயிரத்துக்கு வாங்கி வந்தாள்.

"வேணாம்னு படியிறங்குனேன், கூப்பிட்டுக் கொடுத்தாரு. நீ பேசலையாக்கா?"

மறுநாள் சோணையம்மாள் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறினாள்.

தர்மராஜ் எதையும் மறுக்கவில்லை. "அவுக பேசுனாக, கொறைச்சேன். நீங்க வாயத் தொறக்கலையேம்மா." கல்லாவிலிருந்து ஐந்நூறை எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "எனக்கு மட்டும் குடுத்து அனுப்பாதீகண்ணே. வெலைய எழுதி ஒட்டுங்க."

"ஒட்டுனா யாவாரம் ஓடாது. பத்துப் பேர் வந்தா ஒம்பது பேர் பேசுறவுக. கொறைக்கலைன்னா அடுத்த கடைக்குப் போயிருவாக."

"அப்ப அந்த ஒம்பது பேருக்குக் கொறைச்சத என்னைய மாதிரி ஒருத்திகிட்ட எடுக்குறீக."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

கண் ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர் சீட்டோடு வந்து, அதே கண்ணாடிக்கு விலை கேட்டார். தர்மராஜ் சோணையம்மாளைப் பார்த்தார். அவள் தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தர்மராஜையே பார்த்தாள்.

"ஆயிரத்து நூறு" என்றார்.

பெரியவர் வாங்கிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் அந்தக் கண்ணாடி கேட்டு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்கும் அதே விலைதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும் குறைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வெளியேறினார். மற்ற இருவரும் வாங்கினார்கள். கடைசியில் தர்மராஜ் எழுநூறு ரூபாயை அவளிடம் கொடுத்துவிட்டு, ஒரு அட்டையில் விலையை எழுதி ஷோகேஸில் ஒட்டினார். அது ஒட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்த பிறகே அவள் படியிறங்கினாள்.

மறுநாள் உப்பளத்தில் மலிகா முகம் சுளித்தாள். "எங்க மாமிக்கும் வாங்கணும். பேசித் தொள்ளாயிரத்துக்கு முடிச்சிருப்பேன். இப்ப எரநூறு கூட."

"நீ பேசிருவ. மாமி தனியாப் போனா?"

மலிகா உப்பு இழுக்கும் வாரியைத் தரையில் ஊன்றினாள்.

"அது, அவரு கேட்டதக் குடுத்துட்டு வந்துரும்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாமி தனியாகவே கடைக்குப் போய் வந்தார். ஆயிரத்து நூறுதான் ஆகியிருந்தது.