கா என்று கூப்பிட்டால்

மஹாளய அமாவாசையன்று காலையில் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தது நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது. எழுந்ததும் மாத்திரை, பின்னாலேயே இட்லி என்று தினமும் பழகிப்போன கை. அமாவாசை என்பது கைக்குத் தெரியுமா என்ன? அம்மாவும் சாமர்த்தியமாக ஒன்றும் சொல்லாமல் விழுங்கிவிட்டாள். இட்லித் தட்டை நீட்டியபோதுதான், "இன்னிக்கு என்ன நாள்னு மறந்துட்டியா? காக்கா எடுத்தப்பறம்தான் எனக்கு" என்றாள்.

மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும், வயதானவர்களுக்கு அது ஆளையே சாய்த்துவிடும் என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். என் அம்மா சுந்தரவல்லிக்கு வயது எழுபத்தெட்டு. பிடிவாதத்துக்கு வயதே கிடையாது.

"அப்போ சீக்கிரம் சமைச்சு வெச்சுடலாம்" என்றேன். பதறிப் பதறிச் சமைத்தேன். சாதம், பருப்பு, வாழைக்காய், திருக்கண்ணமுது. பாயசத்துக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். லேக் மார்க்கெட்டில் முதல்நாளே வாங்கிவைத்த இலையில் பிடி சாதமும் எள்ளும் நெய்யும் வைத்து, அம்மாவைக் கைப்பிடித்து மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன்.

அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. தர்ப்பணத்தைத் தம்பி ஸ்ரீனிவாசராகவன் டொரண்டோவில் செய்துவிடுவான். காக்கைக்கு வைப்பது மட்டும் இங்கே, எங்கள் கட்டடத்து மாடியில், அம்மா கையால். போன வருஷம் இலையை வைத்துத் திரும்புவதற்குள் ஒரு காக்கை வந்து கொத்திவிட்டது. "உங்கப்பாவுக்கு எப்பவும் அவசரம்" என்று அம்மா சிரித்தாள்.

இந்த வருஷம் சந்துக்குள் வங்காளிகளின் பூஜைப் பந்தல் வந்திருந்தது. சரியாக எங்கள் கட்டடத்தை ஒட்டி மூங்கில் கட்டி, துணி சுற்றி, ஆளாளுக்குச் சுத்தியலும் கையுமாக ஏறி நின்றிருந்தார்கள். மைக்கில் ஒருத்தன் ஹலோ ஹலோ என்று கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தான். இந்த ரகளையில் காக்கையாவது, குருவியாவது!

அம்மா இலையைக் கைப்பிடிச்சுவரின் மேல் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, "கா... கா..." என்று கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

இரண்டாம் மாடி ஜன்னலில் நிர்மால்ய பாபுவின் தலை தெரிந்தது. அப்பாவோடு தினமும் சதுரங்கம் ஆடியவர். "கார் காகாகே டாக்சேன், மாஷிமா?" என்று மேலே பார்த்து வங்காளத்தில் கேட்டார். யாருடைய சித்தப்பாவைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேலி. இலையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார். அவர் அன்று விடியற்காலையிலேயே கங்கையில் தர்ப்பணம் முடித்துவிட்டு வந்தவர்.

என் கணவர் லக்ஷ்மிநாராயணனுக்கு இது போதாதா? பகலில் வங்கி அதிகாரி, மற்ற நேரமெல்லாம் மொழி ஆராய்ச்சி. எந்த வார்த்தை எந்த ஊரில் என்ன அர்த்தம் என்று தேடிக்கொண்டே இருப்பார். அம்மாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டவர் அப்படியே ஆரம்பித்துவிட்டார்.

"பாருங்கோ மாமி, 'கா' ஒரே எழுத்து. நமக்குக் காப்பாத்துன்னும் அர்த்தம், சோலைன்னும் அர்த்தம். இவாளுக்கு ரெண்டு தரம் சொன்னா சித்தப்பா. ஜப்பான்ல 'கா'ன்னா கொசு."

"கொசுவுக்கு இங்க என்ன பஞ்சம்? அது கூப்பிடாமலே வரது" என்றேன். எனக்கு எரிச்சல். அம்மாவின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது.

"அது இல்லடி, விசேஷம் இனிமேதான். பழைய எகிப்துல 'கா'ன்னா செத்தவாளோட உயிர் மாதிரி ஒண்ணு. அதுக்குப் பசிக்கும்னு கல்லறையில சாப்பாடு வைப்பா. நம்ம பாஷைக்கும் அதுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஆனா வார்த்தை அதே மாதிரி, காரியமும் அதே மாதிரி! தற்செயல்தான். இருந்தாலும் புல்லரிக்கறதோன்னோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவோ நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சாப்டுத்தா?"

"எது மாமி?"

"அந்தக் கா. சாப்டுத்தான்னு அவாளுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "தெரியாது. வெச்சுட்டு வந்துடுவா. அப்பறம் பூசாரிகள்லாம் அதை எடுத்துச் சாப்ட்டுடுவாளாம்."

"சாப்ட்டாளா இல்லையான்னு தெரியாம எப்படி ராத்திரி தூங்கினா?" என்று அம்மா கேட்டாள். பாவம், ஆராய்ச்சி அதோடு நின்றது.

நான் சர்க்கரை பார்க்கும் மீட்டரைக் கொண்டுவந்து அம்மா விரலில் குத்தினேன். அறுபத்திரண்டு. "அம்மா, ஒரே ஒரு ஸ்பூன் சக்கரை. மருந்துன்னு நினைச்சுக்கோ" என்றேன். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினாள். குழந்தையானால் மூக்கைப் பிடித்துப் புகட்டலாம். பெற்றவளை என்ன செய்வது?

"காளிகாட் கோவில்ல காக்கா கொட்டிக் கிடக்கும். ஆட்டோ பிடிச்சு இலையோட நான் போய் வெச்சுட்டு வரட்டுமா?" என்று என் கணவர் கேட்டார்.

"அவருக்கு அந்த இடம் தெரியாது மாப்ளே. இங்கதான் வருவார்" என்றாள் அம்மா, ஏதோ அப்பா ஆபீஸிலிருந்து டிராமில் திரும்புகிற மாதிரி.

நான் கீழே ஓடி நிர்மால்ய பாபுவின் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் சட்டையைக்கூட மாட்டவில்லை. பனியனோடு தெருவில் இறங்கி, பந்தல்காரர்களிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சத்தம் போட்டார். சுத்தியல்கள் நின்றன. மைக்கும் நின்றது. மூங்கில் மேல் நின்றிருந்த ஆட்கள் அத்தனை பேரும் எங்கள் மாடியையே அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்த அமைதியில் அம்மா கூப்பிட்டாள். குரலே எழும்பவில்லை. அவளுக்காக நான் கூப்பிட்டேன், என் கணவர் கூப்பிட்டார், கீழே நின்றுகொண்டு நிர்மால்ய பாபுவும் கூப்பிட்டார். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. வா, வந்து தொலை என்று மனசுக்குள் கெஞ்சினேன். அது அலகை இரண்டு தரம் தொட்டியில் தீட்டிவிட்டு ரயில் பாதைப் பக்கம் பறந்து போய்விட்டது.

"கோவம்" என்றாள் அம்மா. "எம்மேல கோவம்."

கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அவளைத் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுவந்து சோபாவில் சாய்த்தோம். புடவையெல்லாம் வியர்வை. மீட்டர் ஐம்பத்தொன்று காட்டியது. என் கணவர் டாக்டரைக் கூப்பிட்டார். உடனே வாயில் இனிப்பு போகவேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள், காத்திருக்காதீர்கள் என்றார் டாக்டர். என் கணவர் ஆம்புலன்ஸுக்கு அடித்தார். மஹாளயக் கூட்டம், வர நேரமாகும் என்றார்கள்.

"ஏம்மா இப்படிப் படுத்தறே? ஒரு காக்கா வரலேன்னா உசிரை விடுவியா? உனக்கு நான் முக்கியமில்லையா?" என்று கத்திவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். நாக்கு குழறியது. "ஆஸ்பத்திரில... கடைசி நாள். பசிக்கறதுடின்னார். ஒரு வாய் மோர் சாதம் குடுன்னார். டாக்டர் வாயால ஒண்ணும் குடுக்கப்படாதுன்னுட்டார். நான் குடுக்கல வித்யா. நாளைக்குத் தரேன்னேன். பசியோட போயிட்டார்."

இரண்டு வருஷமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்புறம் எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியாது. மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினேன். கைப்பிடிச்சுவரில் ஈ மொய்த்துக்கொண்டு இலை அப்படியே இருந்தது.

"அப்பா!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினேன். "நன்னா இருக்கா இது? அவளையும் கூப்பிட்டுக்கலாம்னு பாக்கறியா? குடுக்க மாட்டேன். கேட்டுதா?"

பந்தல்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஈயை விரட்டிவிட்டு இலையை அள்ளிக்கொண்டு இறங்கினேன்.

"வித்யா, என்ன பண்றே? காக்காக்கு வெச்சதை ஆத்துக்குள்ள கொண்டுவரப்படாது" என்று என் கணவரே பதறினார். "நீங்க சும்மா இருங்கோ" என்றேன். திருக்கண்ணமுதுக் கிண்ணத்தை எடுத்துவந்து தரையில் வைத்து, சோபாவுக்குக் கீழே அம்மாவின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தேன்.

"இதோ பாரு. அவரோட மூக்கு எனக்கு. அவரோட கோவம் எனக்கு. நாலு தெரு தள்ளிப் போற காக்காயைவிட நான் அவருக்குக் கிட்டத்து மனுஷி. எனக்குப் பசிக்கறது. போடு."

அம்மாவின் கண் என் முகத்திலேயே நின்றது. புரிந்ததோ இல்லையோ, மயக்கத்தில் வேறு யாரையாவது பார்த்தாளோ, அந்தக் கணக்கெல்லாம் எனக்கு இப்போதும் தெரியாது. நடுங்கும் விரல்களால் சாதத்தைக் கிள்ளினாள். பாதி என் மடியில் சிந்தியது. மீதியை வாயில் வாங்கிக்கொண்டேன். எள்ளும் நெய்யும் மணத்தன. இன்னொரு வாய் போட்டாள். இன்னொன்று. இலையில் ஒரு பருக்கை இல்லாமல் நான் தின்று தீர்த்தேன். பின்னால் என் கணவர் விசும்புவது கேட்டது.

அம்மா குனிந்து மிக மெதுவாகக் கேட்டாள். "ஏன்னா... போறுமா?"

'ஏன்னா' என்று அவள் கூப்பிட்டது அப்பாவை மட்டும்தான். அவராகப் பெற்ற தாய்க்கு யாராவது பதில் சொல்வார்களா? கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து அவள் உதட்டருகே கொண்டுபோனேன்.

"வயிறு ரொம்பிடுத்துடீ, சுந்தரவல்லி" என்றேன். "நீ சாப்டு."

அம்மா வாயைத் திறந்தாள்.