பதினோராவது கேள்வி

டெலேனிக்குப் பதினேழு வயது. கீழ்த்தாடையில் ஞானப்பற்கள் இரண்டும் படுத்தவாக்கில் முளைத்திருந்தன. மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். என் மகள் பயப்படவில்லை. பயம் எனக்கு.

எனக்கும் பதினேழில்தான் எடுத்தார்கள், இதே ஒஹாயோவில். ஊசி ஏறியதும் கை வழியே பரவிய வெதுவெதுப்பு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு வலிக்குக் கொடுத்த மாத்திரைகளிலும் அதே போதை; அவை தீர்ந்தன. நான் நிறுத்தவில்லை. அந்தப் பழக்கத்தை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. நான் சிகிச்சையில் இருந்தபோது டெலேனியை அக்கா பார்த்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கொலம்பஸ் நகரத்தில் வேலை என்று மகளிடம் சொல்லியிருந்தோம்.

காத்திருப்பு அறையில் படிவத்தை நிரப்பினேன்.

"என்னம்மா, பரீட்சையா எழுதுற? சீக்கிரம் கையெழுத்தைப் போடு," என்றாள் டெலேனி.

பதினோராவது கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது போதைப் பழக்கம் இருந்ததா? 'ஆம்' கட்டத்தில் குறியிட்டேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு, டுவேன் மாமாவா?"

"ம்."

"பாவம் மாமா. அவர் பீர் குடிச்சதுக்கு என் பல்லுப் படிவம் சாட்சி."

உள்ளே அழைத்துப் போனார்கள். நாற்பது நிமிடம்.

சக்கர நாற்காலியில் திரும்பி வந்தாள், வாய் நிறையப் பஞ்சோடு. கார்வரை தள்ளிவந்த செவிலி சிரித்தாள். "இன்னும் ஒரு மணி நேரத்துக்கு என்ன பேசினாலும் ஞாபகம் இருக்காது. உளர்றதை வீடியோ எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துக்குங்க."

காரைக் கிளப்பினேன்.

"அம்மா, அந்த ஊசி நல்லா இருந்துச்சும்மா," என்றாள் டெலேனி. "இன்னொரு தடவை போடச் சொல்லேன்."

எஞ்சினை அணைத்தேன்.

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. டுவேன் மாமா இல்லடி. நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரைகள், சிகிச்சை, கொலம்பஸ் பொய். அவள் என் கன்னத்தைத் தட்டினாள்.

"அழாதம்மா. உனக்கும் பல்லைப் புடுங்கிட்டாங்களா?"

வீடுவரை மனம் லேசாக இருந்தது. அவளுக்கு ஞாபகம் இருக்காது என்பதால் வந்த லேசு அது; எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் தாடையில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, மில்க்‌ஷேக்கைக் கரண்டியால் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். கண்கள் தெளிந்திருந்தன.

"கார்ல நீ என்னவோ சொன்னல்ல? அழுத மாதிரி இருந்துச்சு. இல்ல, கனவா?"

கனவு என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"காலைல அந்தப் படிவத்துல ஆமாம்னு போட்டேன்ல," என்று மறுபடி ஆரம்பித்தேன்.