செய்தி சொல்லும் உரிமை

பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடியில், இரண்டே அறைகளில் நடந்துவந்தது அந்த ஊரின் வானொலி. செய்தி வாசிப்பவளை ஊரே ‘மைக் அக்கா’ என்றுதான் கூப்பிடும். ஒலிபரப்புக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் அவள் கணவர். வீட்டில் பேச முடியாததையெல்லாம் அவள் மைக்கில் பேசித் தீர்த்துக்கொள்வதாக அவர் கேலி செய்வார். அந்த வீட்டில் யார் யாரைப் பேசவிடுவதில்லை என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியும்.

அந்த ஆண்டு அரசு புதிய ஊடகக் கொள்கையின் வரைவை வெளியிட்டது. சிறு வானொலிகள் பாட்டுப் போடலாம், வானிலை சொல்லலாம். செய்தி மட்டும் கூடாது, அது தேசிய வானொலிக்கே உரியது என்றது அதில் ஒரு பிரிவு. வதந்தியைத் தடுக்கத்தானாம். படித்ததும் மைக் அக்கா அந்தத் தாளை மேசைமேல் வீசினாள். நகராட்சிக் கூட்டத்தில் யார் என்ன பேசினார், யார் வராமல் மட்டம் போட்டார் என்பதைத் தலைநகரத்திலிருந்து யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

மக்களின் கருத்தைக் கேட்க ஒரு குழு ஊர் ஊராக வந்தது. நகராட்சி மண்டபத்தில் கூட்டம் நடந்தது. தினமும் மைக் முன்னால் பேசுகிறவள் அன்று பார்த்து ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டாள். ஊரில் நடப்பது தெரியாமல் மக்கள் எதை வைத்து ஓட்டுப் போடுவார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்துக் கையைத் தூக்கியவரைக் கண்டதும் அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் குடிநீர்ப் பொறியாளர். இரண்டு வருடங்களுக்கு முன்பு குழாய்த் தண்ணீர் நாறியபோது, அது பொறியாளரின் அலட்சியம் என்று செய்தி வாசித்தவள் அவள். அதன் பிறகு எதிரே வந்தால்கூட அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை. போச்சு, இனி பாட்டுப் போட்டே பிழைக்க வேண்டியதுதான் என்று கணவர் அவள் காதில் முணுமுணுத்தார்.

பொறியாளர் நிதானமாகப் பேசினார். கழிவுநீர் கலப்பதை முதலில் கண்டுபிடித்ததே அவர்தானாம். குழாயை மூட அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். தேர்தல் நேரம், பொறுத்துக்கொள் என்று பதில் வந்திருக்கிறது. பிறகு ஒரு நாள் காலையில் வானொலியில் அந்தச் செய்தி வந்தது. மதியத்துக்குள் அனுமதியும் வந்துவிட்டது.

“என் பொண்ணும் ஸ்கூல்ல அந்தத் தண்ணியத்தான் குடிச்சிட்டு இருந்தா. வாயைத் திறந்தா வேலை போயிடும்னு நான் பயந்தேன். இவங்க பயப்படல,” என்றார்.

குழுவின் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. “ஆனா தப்பு செய்யாத உங்க மேலதானே பழி விழுந்தது?” என்று கேட்டார்.

“ஆமாம்மா. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கு. அன்னைக்கே போன் பண்ணித் திட்டினேன். நீங்களே வந்து சொல்லுங்க சார்னு அதே மைக்கைக் கொடுத்தாங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க ஒரு வார்த்தை பேசல. மேலிடத்தைப் பத்திச் சொல்ல அன்னைக்கு எனக்குத்தான் தைரியம் வரல. பேசக் கூடாதுன்னு சட்டம் போடாதீங்க. தப்பாச் சொன்னா அதே இடத்துல திருத்தணும்னு போடுங்க.”

நீதிபதி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மைக் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பொறியாளரிடம் ஓடினாள். “நான் உங்களுக்கு என்ன சார் கைம்மாறு செய்யப்போறேன்?” என்றாள்.

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. தன் மகள் இன்று நன்றாக இருக்கிறாள், கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

சில மாதங்களில் கொள்கை நிறைவேறியது. சிறு வானொலிகள் உள்ளூர்ச் செய்தி சொல்லலாம். செய்தியில் குறிப்பிடப்பட்டவர் அதே நிகழ்ச்சியில் பதில் சொல்ல உரிமை உண்டு. அந்தப் பிரிவை அவள் செய்தியில் இரண்டு முறை வாசித்தாள். தன் ஊர்க்காரர் ஒருவரின் பேச்சு நாட்டின் கொள்கையில் ஏறியிருந்ததை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்த உரிமையை முதலில் கேட்டு வந்தவர் நகராட்சித் தலைவர். நகராட்சிக் கூட்டத்துக்கு அவர் வராததை அவள் செய்தியில் சொல்லியிருந்தாள். காய்ச்சல் என்று ஆரம்பித்தவர், வானொலியையும் அவளையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவரின் கை ஒலியைக் குறைக்கத் துடித்தது. வேண்டாம் என்று சைகை காட்டினாள். தலைவர் முடித்ததும், வந்து பேசியதற்கு நன்றி சொன்னாள். அதை அவள் மனதாரத்தான் சொன்னாள்.