வேப்பமரத்தடிக் கோப்பை

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தால் நவ்பர் வீட்டில் ஒரே சஹனில்தான் சாப்பாடு. பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, எல்லோரும் சுற்றியிருந்து கைபோட்டுச் சாப்பிடுவார்கள். தம்பி ஸுஹைருக்கு மட்டும் வெளியே, வேப்பமரத்தடியில், தனிச் சோற்றுக் கோப்பை.

யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த வருசம் அவனுக்கு எச்.ஐ.வி. என்று தெரியவந்தது. அன்று தொடங்கியது இந்த ஏற்பாடு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "ஒண்டாத் திண்டா ஒட்டும்" என்று எவரோ சொன்னது இந்த வீட்டில் சட்டமாகிவிட்டது.

நவ்பரின் மனைவி நாச்சியா கெட்டவள் அல்ல. மனம் உறுத்தும்போதெல்லாம் கருப்பட்டி தாராளமாகப் போட்டு வட்டிலாப்பம் அவித்து அனுப்புவாள். பக்கத்தில் இருத்த மனமில்லை, இனிப்புக்கு மட்டும் குறைவில்லை!

மூன்றாம் வருசம் ஸுஹைர் மெலிந்தான். எவ்வளவு குடித்தும் தாகம் அடங்கவில்லை. ராவெல்லாம் எழும்பி எழும்பி வெளியே போனான். 'மௌத்து வந்திட்டுது, இனிச் சாவுதான்' என்று தானே முடிவுகட்டிக்கொண்டான். யாரிடம் சொல்வது? வேப்பமரத்திடமா? ஒருநாள் கிணற்றடியில் விழுந்து கிடந்தவனை நவ்பர்தான் ஓடிவந்து தூக்கினார். அத்தனை காலத்தில் தம்பியை அவர் தொட்டது அன்றுதான்.

வவுனியா ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா இரத்தம் பார்த்துச் சொன்னார்: "இவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு."

"அந்தக் கிருமியாலயா, டொக்டர்?" என்றார் நவ்பர்.

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். உடம்பைக் காவல் காக்கிற அணுக்கள் கிருமியோட ஓயாமச் சண்டை பிடிக்குது. இவர் விழுங்குற குளிசை கிருமிய அடக்கினாலும் அந்தக் கொதிப்பு முழுசா ஆறாது. சில பேருக்கு அதால சீனியும் ஏறும். பயப்பிடாதேங்கோ, மருந்திருக்கு. ஆனா சாப்பாட்டக் கவனிக்க வேணும். ஆரோட இருந்து சாப்பிடுறவர்?"



"தனியத்தான், டொக்டர்," என்றான் ஸுஹைர். "ஆனா மதினி கிழமைக்குக் கிழமை வட்டிலாப்பம் அனுப்புவா." அதில் குத்தல் இல்லை. நன்றியோடுதான் சொன்னான். அதுதான் நவ்பருக்குத் தாங்கவில்லை.

"ஒண்டா இருந்து சாப்பிட்டா இது தொத்தாது," என்றார் டொக்டரம்மா. "உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா?"

ஒருத்தரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி, ஸுஹைர் வழக்கம்போலத் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். பின்னாலேயே நவ்பர் சஹனைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்துச் சப்பணமிட்டு இருந்தார்.

"என்னங்க இது? பிள்ளையள்..." என்று பதறினாள் நாச்சியா.

"பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு நீயும் வா. வட்டிலாப்பம் வேணாம், அது இவனுக்கு நஞ்சு." நவ்பரின் குரல் உடைந்தது. "கிருமி இவன்ட ரத்தத்தில மட்டும்தான் இருந்தது, நாச்சியா. வீடு முழுக்கப் பரவினது எங்கட பயம். நோயாளிக்குத் தேவை பக்கத்தில இருந்து சாப்பிட ஒரு ஆள். அதுக்குப் பதிலா நாங்க இனிப்ப அனுப்பினம்."

ஸுஹைர் சஹனில் கைவைத்தான். முதல் பிடியை வாய்க்குக் கொண்டுபோனான். அழுகை முந்திக்கொண்டது.